கட்டில் மாறிய பிரார்த்தனை

நாலு மணிக்குள் சொந்தக்காரர் யாராவது வந்து கையெழுத்துப் போடாவிட்டால், நாளைக் காலை ஆபரேஷன் பட்டியலில் வேறொருத்தி பெயர் ஏறிவிடும். நர்ஸ் இதைக் காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டாள். பன்னிரண்டாம் கட்டிலில் கிடந்த காஜாக்கா மூன்று முறையும், "வந்துக்கிட்டே இருக்காங்கம்மா" என்றாள். வருகிறவர்கள் தவழ்ந்து வந்திருந்தால்கூட இந்நேரம் மாடிப்படி ஏறியிருக்க வேண்டும்.

தையல் கம்பெனியில், சட்டைக்குப் பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் முப்பது வருஷம் உட்கார்ந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட கணவன் போய்ச் சேர்ந்தபின் அந்தப் பெயருக்கு வேலையில்லை. இப்போது வயிற்றில் கட்டி. டாக்டர் அதை எலுமிச்சம்பழம் என்று ஆரம்பித்துப் போன வாரம் ஆரஞ்சுக்கு வந்திருந்தார். இன்னும் இரண்டு மாதம் விட்டால் பழக்கடையே வைத்துவிடுவார்.

மகனுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, மீட்டிங்ல இருக்கேன். தங்கச்சி வீட்ல சும்மாதானே இருக்கா, அவளக் கூப்பிடு."

மகளுக்குப் போட்டாள்.

"ஏம்மா, ஆம்பளப் புள்ளன்னு அவனத்தானே தலையில தூக்கி வச்சு ஆடுன? கையெழுத்துன்னதும் என் ஞாபகம் வந்துருச்சா? வைக்கிறேன், அடுப்புல வேல இருக்கு."

மறுபடி மகனுக்கு. மணி அடித்து அடித்துத் தானே ஓய்ந்தது. அண்ணனும் தங்கையும் வேறெதிலும் ஒத்துப்போனதில்லை; இதில் மட்டும் அப்படியொரு ஒற்றுமை.

காஜாக்கா எழுந்து உட்கார்ந்தாள். துண்டையும் தம்ளரையும் பைக்குள் திணித்தாள். போதும். ஆபரேஷனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் கட்டி தன் வேலையைத் தானே முடித்துவிடும். பெற்றதுகளுக்கே வேண்டாத உடம்பை வெட்டித் தைத்து யாருக்குக் காட்ட?

அந்த நேரத்தில்தான், நோயாளிகளுக்காக வேண்டிக்கொள்ள வரும் ஒரு பிரார்த்தனைக் குழு உள்ளே நுழைந்தது.

முன்னால் போட்டோக்காரர், அடுத்து பழக்கூடையோடு செயலாளர், அவர் தோளில் கை வைத்தபடி தலைவர். தலைவருக்கு ஒரு பழக்கம்: வார்டு வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டுவிடுவார். பக்தி அவ்வளவு. திறக்கிற வேலையெல்லாம் போட்டோ எடுத்து முடிந்த பிறகுதான். செயலாளரோ வெளிச்சம் எந்தப் பக்கம் நன்றாக விழுகிறது என்று போட்டோக்காரரோடு வழக்காடிக்கொண்டே வந்ததில், ஜன்னலோரம் இருந்த கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கூடையை மேஜையில் வைத்தார். தலைவரின் கை காஜாக்காவின் தலைமேல் இறங்கியது.

அவள் தலையில் இன்னொரு மனிதக் கை பட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"இறைவா!" என்றார் தலைவர். மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பதுபோலவே பேசுவார். "இந்தத் தாயை நீ ஆசையோடு படைத்தாய். இவளைப்போல் இன்னொருத்தியை நீ படைக்கவில்லை. உலகம் கைவிட்டாலும் நீ இவளை விடமாட்டாய். இவள் உனக்கு வேண்டியவள்!"

காஜாக்கா ஓவென்று அழுதுவிட்டாள். போட்டோக்காரர் மகிழ்ந்துபோய் நாலைந்து எடுத்தார்.

செயலாளர் கட்டில் எண்ணைப் பார்த்தார். கனைத்தார். "ஐயா... நம்ம பொருளாளரோட மாமியார் பதிமூணாம் பெட். இது பன்னெண்டு."

தலைவர் கண்ணைத் திறக்கவில்லை. அதுதான் அனுபவம். "இறைவா," என்றார் அதே குரலில், "சற்று முன் விண்ணப்பித்தது அடுத்த கட்டிலுக்கு உரியது என அன்புகூர்ந்து ஏற்றருள்வாய்."

கையை எடுத்துக்கொண்டார். செயலாளர் கூடையை எடுத்துக்கொண்டார். பதிமூன்றாம் கட்டிலில் மூட்டுவலிக்காரப் பெரியம்மா குறட்டை விட்டுக்கொண்டிருக்க, அதே வார்த்தைகள், அதே ஏற்ற இறக்கத்தில், அந்தக் குறட்டைமேல் பொழிந்தன. போட்டோ எடுத்தார்கள். போனார்கள்.

காஜாக்கா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டாள். பிள்ளைகள் தராதது புதிதில்லை. கொடுத்துவிட்டுப் பிடுங்கியதுதான் புதிது. அடிவயிறு வலித்தது, அதற்கு மேலே வேறெங்கோ அதைவிட வலித்தது.

"ஏன் சாமி," என்றாள் போர்வைக்குள், "நீயும் பெட் நம்பர் பாத்துத்தான் குடுப்பியா?"

முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"எம்புள்ள பரீட்சைக்குக் கேட்டேன். எம்பொண்ணு கல்யாணத்துக்குக் கேட்டேன். எனக்குன்னு ஒருநாள் ஒரு வார்த்த கேட்டேனா? இன்னிக்குக் கேக்காமயே வந்துச்சு. அதுவும் விலாசம் மாறி வந்துச்சாம். கல்லா நீ? காது இருக்கா இல்லியா? செத்தாவது வந்து உன் சட்டையப் பிடிக்கிறேன் இரு!"

வாய் ஓயும்வரை திட்டினாள். கடவுளிடம் கைகட்டி நின்றே பழகியவள், முதல்முறையாக நீ, வா, போ என்று ஏசினாள். மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் ஒன்று உறைத்தது. இவ்வளவு நேரம் பேசியிருக்கிறாள். எதிர்ப்பக்கம் யாரும் "வைக்கிறேன்" என்று சொல்லவில்லை. மீட்டிங் இல்லை, அடுப்பில் வேலை இல்லை. இத்தனையையும் கேட்டுக்கொண்டு ஒருவன் இருக்கிறான். உரிமை இல்லாத இடத்தில் ஒருத்தி இப்படித் திட்டுவாளா?

தலைவருக்கு அவளைத் தெரியாது. பதிமூன்றாம் கட்டிலையும் தெரியாது. எந்தத் தலை கைக்குக் கிடைத்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். சரி, சொன்னவருக்கு ஆள் தெரியவில்லை. தன்னைச் செய்தவனுக்குமா தெரியாது? கட்டில் மாறிப்போனதால் அந்த வார்த்தை பொய்யாகிவிடுமா? அந்தப் பெரியம்மாவும் அவனுக்கு வேண்டியவள்தான். தானும்தான். திருப்பி எடுத்துக்கொண்டு போக அது என்ன, பழக்கூடையா?

ஆறுதல் என்று சொல்ல முடியாது. நெஞ்சில் வெளிச்சமெல்லாம் அடிக்கவில்லை. வலி வலியாகவே இருந்தது. போன் ஊமையாகவே கிடந்தது. ஆனால் அவன் ஆசைப்பட்டுச் செய்த உடம்பை, வேறு யாருக்கும் வேண்டாம் என்று அழுகப்போட அவளுக்கு மனம் வரவில்லை.

நாலு அடிக்கப் பத்து நிமிஷம். நர்ஸ் தாளோடு வந்தாள். "என்னம்மா, யாரும் வரலியா? பட்டியல மாத்திரட்டுமா?"

"நானே போட்டா செல்லாதா?"

"செல்லும்மா. சொந்தக்காரங்க போட்டா நல்லதுன்னுதான் கேக்குறது. டாக்டர் கேப்பாரு, உனக்குன்னு யாரு இருக்காங்கன்னு."

"ஒரு ஆள் இருக்கான்னு சொல்லு. குடு இங்க."

பேனா இரண்டு எழுத்துக்கு மேல் எழுத மறுத்தது. நர்ஸ் வேறு பேனா கொடுத்தாள். காஜாக்கா தன் முழுப் பெயரையும், இனிஷியல் விடாமல், கோடு தாண்டி எழுதி முடித்தாள்.

"பயமா இல்லியாம்மா?"

"ஈரக்கொலை நடுங்குது. அதத்தான் அவன்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன், பாதியில வந்துட்ட. கொஞ்சம் தள்ளி நில்லும்மா, இன்னும் முடியல."