முள்செடிக்கு உயிர்ச்சான்று

போஜன் ஓடிக்கொண்டிருந்தான். மார்போடு அணைத்த சாக்குக்குள் செடி இருந்தது. மணி நாலு ஐம்பத்தெட்டு.

உச்சிச் சரிவில் மட்டும் பூக்கும் ஊதா முள்செடி. அந்த இனத்தில் மிச்சம் அது ஒன்றுதான். போன வருடம் வரை ஓர் அதிகாரி மலையேறி வந்து பார்த்து, உயிரோடிருக்கிறது என்று எழுதிப்போவார். அவருக்கு மூட்டு வலி. பென்ஷன்காரர்கள் மாதிரி இனி செடியே நேரில் வர வேண்டும் என்று உத்தரவு.

அஞ்சு மணி தாண்டினால் பட்டியலிலிருந்து அதன் பெயர் போய்விடும். கூடவே அதன் காவலன் போஜனின் பெயரும் போய்விடும். பெயர் போனவர்களை அவன் பார்த்திருக்கிறான். பஸ்ஸில் ஆள் இருப்பதே தெரியாமல் அவர்கள் மடியில் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

செடிகள் அலுவலகத்தின் நடைபாதை நீண்டுகொண்டே போனது. நடுவில் புல் முளைத்திருந்தது. அப்புறம் மூடுபனி. போஜன் ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுக்கொண்டான்.

சுவரில் ஹாலன் அண்ணன் தொங்கினார். முப்பது வருடம் காவலர். ரிடையர் ஆனதும் கடிகாரமாகிவிட்டார்.

"சீக்கிரம் வாடா போஜா. எவ்வளவு நேரம்தான் அடக்கி வெச்சுக்கிறது?"

"ஒரே நிமிஷம்ண்ணே."

"அதைத்தான் பத்து தடவை குடுத்துட்டேன்."

கவுன்ட்டரில் திலகராணி மேடம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார்.

"செடி வந்திருக்கா?"

"வந்திருக்கு மேடம்."

"பேசுமா?"

"பழகினவங்ககிட்ட மட்டும்."

போஜன் சாக்கின் வாயைக் கொஞ்சம் விலக்கினான். பூ தலை நீட்டியது. மேடம் தொட்டுப் பார்த்தார். முள் குத்தியது. விரலில் ஒரு பொட்டு ரத்தம்.

"உயிரோடதான் இருக்கு" என்றார். அந்த ரத்தத்தாலேயே சான்றில் கைநாட்டு வைத்தார்.

ஹாலன் அண்ணன் அஞ்சு அடித்தார். ஏப்பம் விட்ட மாதிரி இருந்தது.

"திரும்பக் கொண்டுபோய் நட்டுடுங்க. அடுத்த வருஷமும் இதே தேதி."

போஜன் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"சாக்கை முழுசாத் திறந்து பாக்கலையே மேடம்?"

"பூ, இலை, முள். ஃபாரத்துல அவ்வளவுதான்." மேடம் எழுந்து தரையை எட்டிப் பார்த்தார். "காலைல இருந்து எல்லாரும் மண்ணும் சேறுமா ஆக்கிட்டாங்க. நீங்க ஒரு துளி சிந்தல. இப்படித்தான் கொண்டு வரணும்."

"சரி மேடம்."

சான்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். சாக்கை மறுபடி அணைத்துக்கொண்டான். குத்தியது. வலிக்கவில்லை.

காலையில் வேர் பாறை இடுக்கை விடவில்லை. கடப்பாரை போட்டான். துண்டு துண்டாகத்தான் வந்தது. கீழே முதல் பஸ் ஹாரன் அடித்தது. தண்டை அரிவாளால் அறுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டான்.