கை மாறிப் போன டிக்கெட்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. கண்ணால் பார்த்தது. லிவிவ் நகரில், ஆறாம் எண் டிராமில், ஒரு ஜூன் மாதத்து மதியம். பார்த்ததை எழுதுவது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏழு முறை தொடங்கினேன். ஏழு முறையும் அந்த டிராமில் இருந்த ஒரு சுற்றுலாக்காரன்தான் முதலில் வந்து நின்றான், வழியை அடைத்துக்கொண்டு.

முதல் தொடக்கம்:

"பழைய நகரத்தின் கல் பாவிய தெருக்களில் டிராம் மெல்ல வளைந்து"

நிறுத்திவிட்டேன். அந்த டிராமில் தினம் போகிற எவரும் கல்லைப் பார்ப்பதில்லை. கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

நான்காவது தொடக்கம்:

"அவன் கையில் வரைபடம். முதுகில் பெரிய பை. அவன் திரும்பும்போதெல்லாம் அந்தப் பை ஒரு கிழவியின்"

இதையும் அடித்தேன். எரிச்சலில் எழுதிய வாக்கியம். [நெரிசலில் பையைக் கழற்றிக் காலடியில் வைக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனும் சுற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. பையைப் பற்றி இனி எழுத மாட்டேன்.]

கதை அவனுடையது அல்ல. ஸெனோவியாவுடையது.

2

ஸெனோவியாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பள்ளியில் ஆங்கில ஆசிரியை. இருபத்தொன்பது வருடமாக அதே பள்ளி, அதே வகுப்பறை. அன்று மூன்று மணிக்குப் பெற்றோர் கூட்டம். கூட்டத்தில் பேச ஒரே விஷயம், அவள்தான்.

ஏழாம் வகுப்புப் பெற்றோர் பத்தொன்பது பேர் தலைமை ஆசிரியைக்குக் கடிதம் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எழுத வருகிறது, பேச வரவில்லை. டீச்சருக்கே பேச வராது என்று கேள்வி. வேறு ஆளைப் போடுங்கள்.

முதல் கையெழுத்து மார்க்கியானுடையது. அவன் மகள் சொலோமியாவுக்கு ஸெனோவியா போன மாதம் குறைந்த மதிப்பெண் போட்டிருந்தாள். அதே மார்க்கியான் அதே கூட்டத்துக்கு அதே டிராமில், அவளிடமிருந்து இரண்டு ஆள் தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

[நம்ப முடியவில்லையா? எனக்கும்தான். கற்பனையாக இருந்தால் அவனை வேறு டிராமில் ஏற்றியிருப்பேன். ஆனால் அந்தப் பள்ளிக்கு ஒரே டிராம்தான் போகிறது.]

கடிதத்தில் இருந்தது பொய் இல்லை. ஸெனோவியாவுக்கு ஆங்கிலம் கற்பித்தவர் ஆங்கிலேயர் ஒருவரையும் பார்த்ததில்லை. அவருக்குக் கற்பித்தவரும் அப்படியே. அவள் படித்த காலத்தில் அந்த ஊருக்கு வெளிநாட்டார் வருவது அபூர்வம். வந்தால் பக்கத்தில் அரசாங்கத்தின் உளவு ஆள் ஒருவன் கூடவே நிற்பான். போய்ப் பேசினால் பிறகு அந்த ஆளின் அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பின்னர் காலம் மாறியது. வெளிநாட்டார் கும்பல் கும்பலாக வந்து சதுக்கத்தில் காபி குடித்தார்கள். அதற்குள் அவளுக்குக் கூச்சம் இறுகிவிட்டது. இருபத்தொன்பது வருடத்தில், தன் மாணவராக இல்லாத ஒருவரிடம் அவள் ஒரு முறைகூட ஆங்கிலம் பேசியதில்லை.

இது எனக்கு எப்படித் தெரியும்? அவள் வயது ஆசிரியைகள் மூன்று பேரை எனக்குத் தெரியும். மூவரும் இதையேதான் சொன்னார்கள். ஸெனோவியாவின் மனதுக்குள் போய்ப் பார்க்க எனக்கு வேறு வழி இல்லை.

3

நெரிசலான டிராமில் டிக்கெட் தனியாகப் பயணம் செய்யும்.

துளையிடும் பெட்டி ஜன்னலோரக் கம்பியில் இருக்கும். நீங்கள் அதன் அருகே போக முடியாது. முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டு, "கொஞ்சம் குடுங்க" என்பீர்கள். டிக்கெட் கை மாறி, கை மாறிப் பெட்டிக்குப் போகும். பெட்டி அருகில் நிற்பவர் அதைச் செருகி நெம்புகோலை அழுத்துவார். துளையோடு அதே வழியில் திரும்பி வரும். ஒவ்வொரு டிராமுக்கும் துளையின் வடிவம் வேறு. பரிசோதகர் அதைத்தான் பார்ப்பார். டிக்கெட் தொலைவது கிடையாது.*

* பதினொரு வருடத்தில் என்னுடையது ஒரு தடவை செர்ரிச் சாற்றுக் கறையோடு வந்தது. ஆனாலும் வந்தது.

ஸெனோவியா தன் டிக்கெட்டை நீட்டினாள். மார்க்கியான் வாங்கினான்.

"கைக்குக் கை சேத்துடுவோம் டீச்சர். எங்க புள்ளைங்க மார்க்கு மாதிரி நடுவுல காணாமப் போகாது."

"சொலோமியா வினாத்தாள்ல பாதியக் காலியா விட்டிருந்தா."

"பேசச் சொல்லியிருந்தா பேசியிருப்பா. நீங்க பேச விட்டாத்தானே."

டிக்கெட் அவனிடமிருந்து வாளி வைத்திருந்த கிழவிக்குப் போனது. கிழவியிடமிருந்து பெட்டி அருகில் நின்றவனுக்கு. அவன்தான் சுற்றுலாக்காரன்.

மூன்று நிறுத்தமாக அவன் ஒரு பெரிய நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, டிக்கெட் விற்கிறவர் யார் என்று முகம் முகமாகத் தேடிக்கொண்டிருந்தான். ஓட்டுநரிடம் வாங்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. இப்போது யாரோ ஒரு கிழவி ஒரு டிக்கெட்டை நீட்டுகிறாள். அவன் முகம் மலர்ந்தது. நோட்டை அவளிடம் நீட்டினான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவன் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான். டிக்கெட்டை வரைபடத்துக்குள் பத்திரமாக வைத்து, வரைபடத்தை மடித்தான்.

"தம்பி, உனக்கில்லப்பா. துளை போடு. துளை," என்றாள் கிழவி.

அவன் இன்னொரு முறை குனிந்தான்.

4

இங்கே எனக்கு ஒரு சபலம் வந்தது. அவனைத் திருடனாக்கிவிடலாம். ஒரு வரி போதும்: "அவன் ஓரக்கண்ணால்"

இல்லை. அவன் நல்லவன். அதுதான் பொறுக்க முடியாதது. ஊரே அன்பாக இருக்கிறது என்று அன்றைக்கு இரவு வீட்டுக்கு எழுதியிருப்பான்.

அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர் ஒஸ்தாப் ஏறினார். கனத்த உடம்பு, கூட்டம் தானாக விலகியது.

"டிக்கெட் எடுத்துக் காட்டுங்க. நீங்கம்மா?"

"முன்னால குடுத்தனுப்பினேன்," என்றாள் ஸெனோவியா.

"திரும்பி வரலையா?"

"அந்த ஆள்கிட்ட இருக்கு."

"எந்த ஆளு?"

டிராம் முழுக்கக் கை காட்டியது. சுற்றுலாக்காரன் தன்னைத்தான் வரவேற்கிறார்கள் என்று நினைத்துத் தானும் கையசைத்தான்.

ஒஸ்தாப் அவனிடம் போய் உள்ளங்கையை நீட்டினார். அவன் பெருமையோடு வரைபடத்தைத் திறந்து டிக்கெட்டைக் காட்டினான்.

"துளை எங்கே?"

அவன் சிரித்தான்.

"துளைய்யா, துளை. இவன்கிட்ட நான் என்னத்தச் சொல்லி அழ? இங்கிலீஷ் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ஆங்கிலம் தெரியும். கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். பரிசோதகர் அப்படிக் கேட்டதும் செய்தித்தாளை முகம் வரை உயர்த்திக்கொண்டேன். எழுந்து இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் டிக்கெட் திரும்பியிருக்கும், கதை அங்கேயே முடிந்திருக்கும். என்ன நடக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். இதை அழகாகச் சொல்ல ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். அழகு கூடவில்லை.

"ஏன் இல்லாம?" என்றான் மார்க்கியான். "டீச்சரே இருக்காங்க. இருபத்தொம்பது வருசமா இங்கிலீஷ் டீச்சர். பேசுங்க டீச்சர். நாங்களும் கேக்குறோம்."

5

கிழவி வாளியைக் கீழே வைத்தாள்.

ஸெனோவியாவின் காது சிவந்தது. மூன்று மணிக் கூட்டம் இங்கேயே தொடங்கிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. கம்பியை விட்டு நேராக நின்றாள், கரும்பலகைக்கு முன் நிற்பது போல. பிறகு பேசினாள். அவள் ஆங்கிலத்தைத் தமிழில் போட்டால் இப்படித்தான் வரும்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்களுடைய பயணத்திற்கு இடையூறு விளைவிப்பதற்கு மன்னிக்குமாறு வேண்டுகிறேன். தாங்கள் தற்சமயம் வைத்திருக்கும் பயணச்சீட்டு எனக்கு உரியதாகும். அதனை அப்பெட்டியில் துளையிட்டு என்னிடம் திருப்பி அளிப்பீர்களாயின் மிகுந்த நன்றியுடையவளாவேன்."

ஒரு சொல் தவறவில்லை. நடுவில் நிற்கவும் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் ஒலி கொடுத்து, அச்சில் இருப்பதை வாசிப்பது போலச் சொல்லி முடித்தாள்.

கிழவி, "அப்படிப் போடு," என்றாள்.

எனக்குப் புரிந்ததா? புரிந்தது. ஆனால் நான் பதினொரு வருடமாக அந்த ஊர் ஆங்கிலத்தைக் கேட்டுக் காது பழகியவன். என் சாட்சி செல்லாது.

சுற்றுலாக்காரன் தலையைச் சாய்த்து, மிகுந்த கவனத்தோடு கேட்டான். அவள் முடித்ததும் ஒரு கணம் யோசித்தான். பிறகு வரைபடத்தை அவள் முன் விரித்து, ஓபரா அரங்கின் மேல் விரலை வைத்து, புருவத்தை உயர்த்தினான்.

வழி சொல்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

அவள் ஆம் என்று தலையசைத்தாள். வேறென்ன செய்வாள்? அடுத்த நிறுத்தம் ஓபரா. கதவு திறந்தது. அவன் எல்லோருக்கும் கையசைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், டிக்கெட்டோடு இறங்கிப் போனான்.

ஒஸ்தாப் பெருமூச்சு விட்டார். "சரி விடுங்கம்மா. இத்தனை பேரு சாட்சி. நான் பாக்கல." இந்த நல்ல மனது அவளுக்கு எந்த உதவியும் செய்யவில்லை. அவளுக்கு அப்போது டிக்கெட் ஒரு பொருட்டே இல்லை.

6

"பாத்தீங்களா?" மார்க்கியான் குரலை உயர்த்தவில்லை. "அவனுக்கு ஒரு வார்த்தை புரியல."

"அவன் இங்கிலீஷ்காரன் இல்ல," என்றாள் ஸெனோவியா.

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"அதான் எப்படின்னு கேக்குறேன். அவன் வாயவே தொறக்கலையே."

அவன் ஸ்பெயின்காரனாக, இத்தாலிக்காரனாக, ஆங்கிலம் தெரியாத யாராகவோ இருந்தால் அவள் பேசியது ஆங்கிலம். அவன் லண்டன்காரனாக இருந்தால், இருபத்தொன்பது வருடமாக அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன மொழி?

இதற்கு மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்றில், அவன் விட்டுப்போன வழிகாட்டிப் புத்தகத்தைக் கிழவி கண்டெடுக்கிறாள். அது ஸ்பானிய மொழியில் இருக்கிறது. எழுதி முடித்ததும் வெட்கமாக இருந்தது. வாழ்க்கை யாருக்கும் இவ்வளவு வசதியாகப் புத்தகத்தைக் கீழே போடாது.

இன்னொன்றில், அவன் இறங்கும்போது திரும்பி, சுத்தமான ஆங்கிலத்தில், "இந்த ஊர் மொழி கேட்க எவ்வளவு இனிமை" என்கிறான். இதைக் கிழித்துவிட்டேன். ஒரு மனுஷியை இப்படி அடிக்க எனக்கு உரிமை இல்லை.

மூன்றாவது, நடந்தது.

பள்ளி நிறுத்தம் நெருங்கியது. இருவரும் படி அருகே வந்து நின்றார்கள். அங்கிருந்து கடைசி இருக்கை தெரியும். மார்க்கியான் என்னைப் பார்த்தான். என் முகத்தை, நிறத்தை, செய்தித்தாளைப் பார்த்தான்.

"இதோ ஒரு வெளிநாட்டுக்காரரு இருக்காரு. என்ன சார், இவ்வளவு நேரம் பேப்பருக்குப் பின்னாடியா இருந்தீங்க? உங்களுக்கு நாலு தேசத்து ஆளையும் பாத்த பழக்கம் இருக்கும். நீங்களே சொல்லுங்க, அவன் எந்த ஊர்க்காரன்? நீங்க சொல்றத நான் கூட்டத்துல அப்படியே சொல்றேன். ஒத்துக்கிறீங்களா டீச்சர்?"

"ஒத்துக்கிறேன்," என்றாள் ஸெனோவியா.

எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது. அவன் சட்டையை, செருப்பை, குனிந்த விதத்தை எல்லாம் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன். தெரியாது என்று சொன்னால் மார்க்கியான் வென்றுவிடுவான். ஸ்பெயின் என்று சொன்னால் அவளுக்கு வகுப்பு மிஞ்சும். ஆனால் வாசலில் நிற்கும் அவள், நான் அவளுக்காகச் சொன்னேனா, தெரிந்து சொன்னேனா என்பதை என் முகத்திலேயே படித்துவிடுவாள். பிறகு அந்த வகுப்பில் என்ன தைரியத்தில் நிற்பாள்?

அன்று நான் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. அது சரியான பதில் என்ற நம்பிக்கை எனக்கு ஒரு நாளும் வரவில்லை.

டிராம் நின்றுவிட்டது. மூன்று மணிக்கு எட்டு நிமிடம் இருக்கிறது. ஓட்டுநர் அவசரப்படுத்தி மணியடிக்கிறார். ஸெனோவியா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். அவள் மார்க்கியானைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நீங்கள் அவனைக் கடைசி வரை பார்த்தீர்கள். அவன் எந்த ஊர்க்காரன்? சொல்லுங்கள். உங்கள் முகத்தைத்தான் அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.