மகாராணிக்கு ஒரு கோப்பை

துப்பறியும் ஹோரஸ் பிம்முக்கு வேண்டியது ஒரே ஒரு கடிதம். ஒரு பிரபுவின் மகன் மிஸ் கார்டீலியா வோஸுக்கு உருகி உருகி எழுதியது. அது பத்திரிகைக்குப் போனால் சனிக்கிழமை அவனுக்கு வேறொருத்தியோடு நடக்கவிருந்த கல்யாணம் நின்றுவிடும்.

மிஸ் வோஸ் அந்தக் கடிதத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். நுனி வெளியே தெரிந்தது. ஆனால் ஒரு சீமாட்டியிடம் "கொஞ்சம் எழுந்திருங்க" என்று சொல்வதைவிட, லண்டன் கனவான் தேம்ஸில் குதித்துவிடலாம்.

வேலைக்காரி ஊற்றிக் கொடுத்த ஷெர்ரி மதுக் கோப்பையோடு பிம் எழுந்தார். "மகாராணிக்காக!"

ராணியின் பேரைச் சொல்லிக் குடிக்கும்போது எழாமல் இருப்பது ராஜத்துரோகத்துக்குப் பக்கத்து வீடு. அவள் எழுந்தாள். பிம் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு நாற்காலிப் பக்கம் நகர்ந்தார்.

"என்ன சார், ஒரு வாய்தானா?" என்றாள் மிஸ் வோஸ். "ராணிக்கு உங்க மரியாதை அவ்வளவுதானா? ஒரே மூச்சுல காலி பண்ணுங்க, பாக்கலாம்!"

மறுக்க முடியுமா? பிம் விட்டத்தைப் பார்த்தபடி கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பையை இறக்கியபோது நாற்காலியில் ஒன்றுமில்லை. கடிதத்தோடு வேலைக்காரி பத்திரிகை ஆபீஸுக்குப் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, மிஸ்டர் பிம்?" என்றாள் மிஸ் வோஸ். "இளவரசர் பேருக்குக் குடிக்கறது பாக்கி இருக்கே."