பூட்டு பத்திரமா கீது

ரியா ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். இன்னொன்று எங்கேடி என்று அம்மா ரெனிதா கேட்டாள். பின்னாலேயே வந்த எதிர்வீட்டுக் கன்னியம்மாள்தான் சொன்னாள்.

"லாரிக்கடியில பூட்ச்சு. தண்ணி லாரி. இவ ஒரு அடி முன்னால நின்னுகினு இருந்தான்னா..."

மீன் கூடையை இறக்கி வைத்தால்கூட வாய் ஓயாதவள் கன்னியம்மாள். அவளே பாதியில் நிறுத்திவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெனிதா தெருவுக்கு ஓடினாள். பிள்ளைகள் பாண்டி ஆடச் சாக்பீஸில் கட்டம் போட்டிருந்தார்கள். கட்டத்துக்கு நடுவே டயர்த் தடம். அதற்குள் செருப்பு, அப்பளம் மாதிரி.

அந்தத் தெருவின் அகலமே பதினாறு அடி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போகிற குடும்பங்கள் ஒரு ரூம், ஒரு கிச்சன் என்று நெருக்கியடித்துக்கொண்டு நாற்பது வீடு. பிள்ளைகள் காலை நீட்டினால் சுவர், கையை நீட்டினால் பீரோ. அதனால் விளையாட்டெல்லாம் தெருவில். தெரு முடிகிற இடத்திலேயே பூங்கா இருக்கிறது. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், நிழலுக்கு வேப்பமரம், எல்லாம் உண்டு. 'பொதுமக்கள் பயன்பாட்டிற்காக' என்று போர்டும் உண்டு. போர்டுக்குக் கீழே சங்கிலி, சங்கிலியில் பூட்டு. சாவி எங்கே? எதிரே இருக்கும் மாடி வீட்டில், அவென்யூ நலச்சங்கச் செயலாளர் ஹேமநாதனிடம். காலையில் சங்கத்து ஆட்கள் இரண்டு மணி நேரம் நடப்பார்கள். அதற்கப்புறம் அந்த ஊஞ்சலில் காற்றுதான் ஆடும்.

நசுங்கிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரெனிதா நேரே அந்த வீட்டு மணியை அடித்தாள்.

"சார், சாயந்திரம் ரெண்டு மணி நேரம் தொறந்து வுடுங்க. பசங்க ஆடிட்டுப் போவட்டும்."

"ஏம்மா, மூணு மாசமா இதையே சொல்றே. எழுதிக் குடு, கமிட்டியில வைக்கறேன்னு சொன்னேன்ல?"

"எழுதிக் குடுத்து மூணு மாசம் ஆவுது சார்."

"உள்ள விட்டா புல்லைப் பூரா மிதிச்சுடுவாங்கம்மா. யார் பொறுப்பு?"

ரெனிதா செருப்பை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். "இதுக்கு யார் சார் பொறுப்பு?"

அவர் செருப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார்.

கேட்டுக்கு வெளியே காத்திருந்த கன்னியம்மாள் காறித் துப்பினாள். "சாமி வரங் குடுத்தாலும் பூசாரி குடுக்கல பாத்தியா. கல்லத் தூக்கினு வரவா? ஒரே போடு, பூட்டு ரெண்டாப் பூடும்."

"பூட்ட ஒடச்சா நம்ம மேல கேஸு வரும்க்கா. பூட்டத் தொட வாணாம்."

ரெனிதாவின் கண் பூட்டில் இல்லை. கேட்டின் மறுபக்கம், கீலில் இருந்தது. ஏனென்றால் அந்தக் கேட்டைச் செய்தவளே அவள்தான். அப்பா பிரகாசத்தோடு வெல்டிங் பட்டறையில் நின்று பத்தொன்பது வயதில் ராடு பிடித்தவள், இன்றைக்கு அதே பட்டறையைத் தனியாக நடத்துகிறாள். கேட்டைக் கீலில் மாட்டிய பிறகு மேலே ஒரு துண்டு இரும்பை வைத்து ஒட்டிவிட வேண்டும். ஒட்டாவிட்டால் கேட்டை அப்படியே மேலே தூக்கிக் கழற்றலாம். பூங்கா திறப்பு விழா அன்றைக்குக் காலையில் கரண்ட் போய்விட்டது. பெரிய மனிதர்கள் ரிப்பன் வெட்ட வந்து நின்றுவிட்டார்கள். அப்புறம் வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று கிளம்பியதுதான். அந்த அப்புறம் வரவே இல்லை.

மறுநாள் சாயந்திரம் நாலு மணிக்கு ரெனிதா, கன்னியம்மாள், கார்மென்ட்ஸுக்குப் போகிற சுசீலா, ஷர்மிளா என்று நாலு பேர் கேட்டுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள்.

"இடுப்ப வளைக்காதீங்க, முட்டிய மடக்கித் தூக்குங்க," என்றாள் ரெனிதா. "ஏசுவே!"

"முருகா!" என்றாள் கன்னியம்மாள்.

கேட் கீலை விட்டு எழும்பி வந்தது. சங்கிலியும் பூட்டுமாக அப்படியே எதிர்த் தூணில் சாய்ந்து நின்றது. தெருப் பிள்ளைகள் மொத்தமும் மடை திறந்த மாதிரி உள்ளே பாய்ந்தார்கள்.

சத்தம் கேட்டு ஹேமநாதன் இறங்கி ஓடி வந்தார்.

"பூட்டை உடைச்சுட்டீங்களா?"

"பூட்டு பத்திரமா கீது சார். வந்து பாருங்க," என்றாள் ரெனிதா.

அவர் பூட்டை இழுத்துப் பார்த்தார். பூட்டியபடி கெட்டியாகத்தான் இருந்தது. கேட்டைக் காட்டிக் கத்தினார். "இதைச் செஞ்ச பட்டறைக்காரனைக் கூப்பிடு! இப்பவே வந்து ஒட்டட்டும். இனிமே எவளும் தூக்கக் கூடாது!"

"அந்தப் பட்டறைக்காரி நான்தான் சார். ஒட்டிட்டாப் போச்சு."

"இன்னாடி இது?" என்று கன்னியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "அவுரு சொன்னாருன்னு நீயே மூடப் போறியா?"

"சும்மா இருக்கா நீ."

வெல்டிங் மிஷின் வந்தது. கரண்டுக்கு ஹேமநாதனே தன் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார்.

"பூட்டத் தொறங்க சார். சங்கிலி இருந்தா கேட்டு கீல்ல உக்காராது."

அவரே சாவி போட்டுத் திறந்தார். நாலு பேரும் கேட்டைத் தூக்கிக் கீலில் மாட்டினார்கள். ரெனிதா அதை உள்பக்கமாகத் தள்ளி, மதிலோடு மதிலாக அகலத் திறந்து நிறுத்தினாள். பிள்ளைகளை ஊஞ்சல் பக்கம் போய்த் திரும்பி நிற்கச் சொன்னாள். கண்ணாடியை மாட்டினாள். மேல் கீலில் துண்டு இரும்பை ஒட்டினாள். அதோடு விட்டாளா? கீலின் இடுக்கைச் சுற்றி ஒரு பூச்சு, கீழ்க் கீலுக்கும் அதே மாதிரி இன்னொரு பூச்சு. பொறி பறந்தது. சுத்தியலால் கசடைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"ஆச்சு சார். தூக்கிப் பாருங்க."

ஹேமநாதன் தூக்கிப் பார்த்தார். மலை மாதிரி நின்றது. திருப்தியாக, மூடுவதற்கு இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். காலை மதிலில் உதைத்துக்கொண்டு இழுத்தார்.

கன்னியம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது: திறந்தபடியே கீல் ஒட்டிப்போயிருக்கிறது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாலும் சிரிப்பு விரலிடுக்கில் வழிந்தது. "பாத்து சார், சுளுக்கிக்கப் போவுது!"

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே? மூட முடியலையே!"

"தூக்க முடியாதபடிக்கு ஒட்டச் சொன்னீங்க, ஒட்டிட்டேன். மூடணும்னு நீங்க சொல்லவே இல்லியே."

"போலீஸ்ல குடுப்பேன்!"

"குடுங்க சார். வர்றவங்க மொதல்ல இந்த போர்டப் படிக்கட்டும். பொதுமக்கள்னு எழுதிக்கீது, நாங்கதான் அது. இத்த மூடணும்னு கார்ப்பரேஷன்காரங்க வந்து எங்கிட்ட எழுதிக் கேக்கட்டும்." ரெனிதா ஒயரைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள். "எழுதிக் குடுத்தா நானும் வைக்கறேன் சார், கமிட்டியில."

ஒரு கையில் ஒயர், ஒரு கையில் திறந்த பூட்டு. பூட்டுவதற்கு இடம் தேடுகிறவர் மாதிரி அவர் அங்குமிங்கும் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

ரியா வெறுங்காலோடு ஊஞ்சலில் ஏறி நின்றுகொண்டு உந்தினாள். ஐந்தரை மணிக்குத் தண்ணீர் லாரி வழக்கம்போல ஹாரனை அலறவிட்டபடி வந்தது. தெருவில் ஒதுங்குவதற்கு ஒரு பிள்ளையும் இல்லை.