உப்புக்கு முன்னால் போன ரேடியோ

1976ஆம் வருடம் தை மாதம் ஆறாம் தேதி வேம்பு அரியலூரில் தன் புது வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாள். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் எட்டு மாதம் அவளால் அந்த வீட்டைவிட்டு வெளியே வர முடியவில்லை. கதவை யாரும் பூட்டவில்லை. புருஷன் அரியமுத்து மிரட்டி உட்காரவைக்கவும் இல்லை. வாசற்படியைத் தாண்டி அவள் வெளியே வைக்கும் கால் அடுப்படியில் வந்து ஊன்றியது, அவ்வளவுதான். ஜன்னல் வழியாகக் கீரைக்காரியிடம் கையை நீட்டினால் அந்தக் கை அடுப்புக்கு மேலே, பருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் முளைத்து நின்றது. முதல் வாரம் முழுக்க வேம்பு அழுதாள். இரண்டாவது வாரத்திலிருந்து கீரைக்காரியே ஜன்னலுக்குள் கையை விட்டுக் கீரைக்கட்டை வைத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டாள்.

தப்பு வேம்புவுடையதுதான். அதை அவளே ஒப்புக்கொண்டாள். புது வீட்டுக்குள் முதலில் உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் போக வேண்டும், மற்ற சாமான் எல்லாம் அதற்குப் பிறகு. இது அவள் பிறந்த விக்கிரமங்கலத்தில் நண்டு சிண்டுக்கும் தெரியும். ஆனால் வேம்புவுக்கு ரேடியோ என்றால் உயிர். கல்யாணத்துக்கு முன் அவளும் தங்கை ஆண்டாயியும் பண்ணையார் கடலைக்கொல்லையில் களையெடுத்த காலத்தில், பண்ணை வீட்டு ரேடியோச் சத்தம் எட்டுகிற வேலியோரப் பாத்தியை மட்டும் இரண்டு பேரும் அரை நாள் எடுப்பார்கள். அந்த வீட்டு வாசலுக்கு அவர்கள் போகக்கூடாது. பாட்டு மட்டும் வேலி தாண்டி வரும். டவுனில் ஒரு வீடு, வீட்டுக்குள் ஒரு ரேடியோ, அதைக் கேட்டுக்கொண்டு காலை நீட்டி உட்கார ஒரு சுவர் என்று அப்போதே அக்காவும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டார்கள். அரியமுத்துவுக்கு அரியலூரில் ஒரு ஆபீசில் பியூன் வேலை கிடைத்தபின் இரண்டு வருடம் வாடகைக்கு வீடு தேடினான். எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னான். எந்தத் தெரு என்று கேட்டார்கள், சொன்னான். உடனே வீடு காலியில்லாமல் போனது. கடைசியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் மகனோடு திருச்சிக்குப் போய்விட்ட ஒரு அம்மாள், தெருவைக் கேட்காமல் இரண்டு அறை வீட்டை அவனுக்குக் கிரயம் செய்து கொடுத்தாள். வேம்பு தன் தோட்டை விற்று ஒரு மரப்பெட்டி ரேடியோ வாங்கினாள்.

குடிபோன அன்று வண்டி வாசலில் நின்றதும் தூறல் பிடித்தது. வேம்பு இடுப்பில் இருந்த உப்புப் பானையை வண்டியிலேயே இறக்கி வைத்துவிட்டு, ரேடியோவை முந்தானையால் மூடி அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஆண்டாயி பின்னாலிருந்து கத்தினாள். "அக்கா, உப்பு! உப்பு மொதல்ல!" "உப்பு நனைஞ்சா வேற வாங்கிக்கலாம்டி!" என்று சொல்லிக்கொண்டே வேம்பு படியைத் தாண்டினாள். ஒரு வீடு தனக்குள் முதலில் வருவதை வைத்துத்தான் வந்திருப்பது யார் என்று தெரிந்துகொள்கிறது. இந்த வீட்டுக்கு ரேடியோ வந்திருந்தது. ரேடியோ நடமாடுகிற பொருள் இல்லை, வைத்த இடத்தில் இருக்கும். அதைத் தூக்கிவந்தவளையும் வீடு அதோடு சேர்ந்த சாமான் என்று நினைத்துக்கொண்டது. பின்னால் உப்பும் மஞ்சளும் வந்தன, அரியமுத்து வந்தான், ஆண்டாயி வந்தாள். அவர்கள் எல்லோரும் இஷ்டம்போல் போய்வந்தார்கள்.

வீடு பாட ஆரம்பித்தது அந்த வருடம் பங்குனியில். ரேடியோவை நிறுத்திய பிறகும் அடுப்படிச் சுவரில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. நடுக்கூடத்தில் வயலின் தங்கியது, பின்கட்டில் புல்லாங்குழல். காலை ஐந்து மணிக்கு நிலைப்படி மெல்ல ஆலாபனை எடுத்தது. 1979இல் ரேடியோ கெட்டுப்போய் அதற்குள் பல்லி முட்டை போட்டபோதுகூடச் சுவர்கள் ஒரு பாட்டைக்கூட மறக்கவில்லை. பாட்டுக்கு ஏற்ற மாதிரி சுண்ணாம்பில் படங்களும் ஊறி வந்தன. நாதஸ்வரத்துக்குச் செம்மண் நிறத்தில் யானைகள், குழலுக்கு நீல ஆறு, வயலினுக்கு முகம் தெரியாத பெண்கள் வரிசையாகக் குடம் தூக்கிப் போவார்கள். பாட்டு முடிந்து அரை மணி நேரத்தில் சுவர் பழையபடி வெளுத்துவிடும். முதல் இரண்டு வருடம் வேம்புவுக்கு இது சொர்க்கமாகத்தான் இருந்தது. அடுப்பில் உலை கொதிக்க, யானைகள் பக்கத்தில் நடக்க, இதைவிட என்ன வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். மூன்றாவது வருடம் அதே கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அவள் டவுனுக்குக் குடிவந்தவள், டவுனைப் பார்த்ததில்லை. கடைத்தெரு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. ஆண்டாயி பெரம்பலூரில் கொளஞ்சியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டபோது கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. மகள் ஜெயக்கொடி அந்த வீட்டிலேயே பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். வாசலில் நின்று தலைசீவி அனுப்பிவிட்டு வேம்பு டாட்டா காட்டுவாள். அந்தக் கை அடுப்படியில் பாத்திரங்களுக்கு நடுவே ஆடிக்கொண்டிருக்கும்.

படங்களை முதலில் பார்த்த வெளியாள் டிராயிங் மாஸ்டர் தங்கசாமி. ஏதோ மனுவில் கையெழுத்து வாங்க வந்தவர் நீல ஆற்றைப் பார்த்துவிட்டு மனுவை மறந்தார். அடுத்த வாரம் இன்னும் நான்கு ஆசிரியர்களோடு வந்தார். பிறகு பாங்கிலிருந்து வந்தார்கள், சிமெண்ட் கம்பெனி ஆட்கள் குடும்பத்தோடு வந்தார்கள், வீடு காலியில்லை என்று சொன்னவர்கள் வெற்றிலைபாக்கோடு வந்தார்கள். சாயங்காலமானால் கூடம் நிறைந்துவிடும். அரியமுத்து மூன்று பெஞ்சு செய்து போட்டான். ஆபீசில் பியூனாக இருந்தவனை வீட்டில் எல்லோரும் சார் என்று கூப்பிட்டார்கள். வேம்பு காபி போட்டுக் கொடுத்தாள். வந்தவர்கள் சுவரைப் பார்த்தபடியே டம்ளரை வாங்கினார்கள், சுவரைப் பார்த்தபடியே திருப்பிக் கொடுத்தார்கள். அவளுக்கு அது வலித்தது. ஆண்டாயி மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருவாள். அந்தச் சத்தத்தில் அக்காவும் தங்கையும் ஒரு நல்லது கெட்டது பேசிக்கொள்ள வழியிருக்காது. பாட்டைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது என்று வேம்பு சொன்னால் அந்த ஊரில் ஒருத்தரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

1985 மாசியோடு ஆண்டாயி வருவது நின்றது. பங்குனிக் கடைசியில் கொளஞ்சியப்பன் தனியாக வந்தான். ஆண்டாயிக்கு நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சுக்குள் ஏதோ கோளாறு, திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தாகிவிட்டது, ஆறு மாதம் என்று சொல்லிவிட்டார்கள் என்றான். பஸ்ஸில் ஏற்றக்கூடாதாம். "அக்காவ ஒரு தடவ பாத்துடணும்னு அனத்துறா. நீங்க வரமாட்டீங்கன்னு அவளுக்கும் தெரியும். ஆனா கேக்குறா" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அவன் போன பிறகு வேம்பு வாசலைத் தாண்டினாள், அடுப்படியில் நின்றாள். மறுபடி தாண்டினாள். அன்று பொழுது சாய்வதற்குள் அறுபது எழுபது தடவை தாண்டியிருப்பாள். கொல்லைக் கதவு, ஜன்னல், ஓட்டைப் பிரித்துக் கூரை, எதையும் விடவில்லை. கடைசியில் கால் ஓய்ந்து, பெரம்பலூர் இருக்கிற மேற்குப் பக்கத்துச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, இரண்டு கையையும் ஊன்றி, ஆத்திரத்தில் ஒரு தள்ளு தள்ளினாள். வீடு நான்கு விரற்கடை நகர்ந்தது. வெளியே முருங்கைமரம் மடக்கென்று சாய்கிற சத்தம் கேட்டது. அவளை விட மாட்டேன் என்றுதான் வீடு பிடிவாதமாக இருந்ததே தவிர, தானும் கூட வரமாட்டேன் என்று சொன்னதில்லை. இத்தனை வருடமாகக் கதவோடு மல்லுக்கட்டியதில் அவளுக்கு இது தோன்றவே இல்லை.

அரியமுத்து ஆபீசிலிருந்து வந்து அஸ்திவாரம் விட்டு நகர்ந்த சுவரைப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டதும் குதித்தான். "இந்த ஊர்ல எத்தன பெரிய மனுசன் நம்ம வாசல்ல செருப்பக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வரான்னு தெரியுமா ஒனக்கு? எத்தன வாசல்ல நான் நின்னுருக்கேன்! இத நட்டாத்துல வுட்டுட்டு எங்க போற?"

"அவங்க செருப்பக் கழட்டுறது செவுத்துக்கு" என்றாள் வேம்பு. "எனக்கும் இல்ல, ஒனக்கும் இல்ல."

அவன் மேற்குச் சுவருக்கு வெளியே போய்ச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். தள்ளினால் அவன் மேல் ஏறும். வேம்பு உள்ளே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்த இரண்டு நாளும் சுவர்கள் ஊமையாக இருந்தன. சாயங்காலம் வந்தவர்கள் எட்டிப் பார்த்து, "இன்னைக்குப் பாட்டு இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்கள். உள்ளே ஒரு பொம்பளை அழுகிறாளே, என்ன என்று ஒருத்தர் கேட்கவில்லை. தங்கசாமிகூட நாளைக்கு இருக்குமா என்றுதான் கேட்டார். அரியமுத்து இதையெல்லாம் வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் காலையில் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டி, அரிவாளை எடுத்து, சாய்ந்து கிடந்த முருங்கையை வெட்டி வழி விட்டான். பெஞ்சுகளை ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்தான். சித்திரை மூன்றாம் தேதி வீடு தெருவுக்கு வந்தது.

பெரம்பலூர் முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. விடியலில் தொடங்கி வெயில் ஏறுமுன் ஒரு பர்லாங்கு தள்ளுவாள், தெம்பிருந்தால் இன்னும் கொஞ்சம். ஊர்க்காரர்கள் வெளியிலிருந்து தோள் கொடுத்துப் பார்த்தார்கள், கயிறு கட்டி இழுத்தார்கள், வீடு அசையவில்லை. அது வேம்புவின் கைக்குத்தான் போனது. கரண்டு ஆபீஸ்காரர்கள் மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடித்தார்கள். பஸ் கண்டக்டர்கள் "பாட்டு வூடு எறங்கு" என்று தினம் ஒரு இடத்தில் விசில் கொடுத்தார்கள். அரியமுத்து அந்த ஸ்டாப்பில் ஏறி ஆபீசுக்குப் போய்விட்டு, சாயங்காலம் வேறு ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு வந்தான். ஜெயக்கொடிக்குக் கொண்டாட்டம். தள்ளி முடித்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் தினமும் ஒரு புது மரம், புது ஏரி, புது ஆட்டுக்கிடை. வேம்பு கண் எடுக்காமல் பார்த்தாள். உள்ளங்கை காய்த்துப்போய் வெடித்தது, நெற்றியில் சுண்ணாம்பு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பேரளிக்கு வந்தபோது ஆவணி மழை பிடித்துக்கொண்டது. கரிசல் மண் வீட்டின் அடியைக் கவ்விக்கொண்டு பதினொரு நாள் விடவில்லை. சுவர்கள் தங்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தன. "ஒரு நாளாவது வாய மூடிக்கிட்டு ஒத்தாச பண்ணக் கூடாதா?" என்று வேம்பு சுவரை அறைந்தாள். பன்னிரண்டாம் நாள் வெயில் வந்தது, மண் காய்ந்து விட்டுக்கொடுத்தது.

புரட்டாசி ஏழாம் தேதி காலை வீடு ஆண்டாயி இருந்த சந்தின் முனைக்கு வந்து நின்றது. அதற்கு மேல் சந்தில் இடமில்லை. கொளஞ்சியப்பனும் பக்கத்து வீட்டு ஆட்களும் ஆண்டாயியைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்து வாசலுக்கு எதிரே, படிக்கு நான்கு முழம் தள்ளிப் போட்டார்கள். நாராய்க் கிடந்தாள், கண் மட்டும் பழைய கண். பெரம்பலூரே திரண்டிருந்தது. கூட்டத்தைக் கண்ட வீட்டுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுப்படியும் கூடமும் பின்கட்டும் ஒரே நேரத்தில் எடுத்தன, வெளிச்சுவரில்கூட யானைகள் கிளம்பின. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வேம்பு நிலைப்படிக்குள் நின்று கதவைப் பிடித்துக்கொண்டு தங்கையைப் பார்த்தாள். தங்கை வாயசைப்பது தெரிந்தது, என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை.

"என்னடி?"

ஆண்டாயி மூச்சைக் கூட்டிக்கொண்டு சொன்னாள். "அது பாடுனது போதும்க்கா. நீ பேசு."

வேம்பு திகைத்துப்போனாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் வந்து உட்கார்ந்து போயிருக்கிறார்கள், இதை ஒருத்தரும் கேட்டதில்லை. என்னத்தைப் பேச என்று நின்றாள். "நான் வராத நாள்லேருந்து சொல்லு" என்றாள் ஆண்டாயி. வேம்பு தயங்கித் தயங்கி முருங்கைமரத்திலிருந்து தொடங்கினாள். அரியமுத்து சுவரில் சாய்ந்து அடம்பிடித்ததைச் சொன்னாள், கண்டக்டர் விசிலைச் சொன்னாள். அடுப்படியில் தன் கை பாத்திரங்களுக்கு டாட்டா காட்டியதைச் சொன்னபோது ஆண்டாயி சிரித்தாள். வயலின் முதலில் அடங்கியது. அப்புறம் குழல். யானைகள் அப்படியே நின்றன. கடைசியில் அடுப்படி நாதஸ்வரமும் நின்று, ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்த வீடு இன்னொருவர் பேசுவதைக் கேட்டது. சிரிப்பு இருமலாக மாறி ஆண்டாயிக்கு மூச்சு முட்டியது. வேம்பு பேசிக்கொண்டே பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மோந்து வந்து, தங்கையின் பின்னந்தலையைத் தாங்கித் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்து, தன் முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள். 

"அக்கா" என்றாள் ஆண்டாயி. "ஒன் காலப் பாரு."

வேம்பு குனிந்து பார்த்தாள். கால் இரண்டும் சந்து மண்ணில் இருந்தன. ஒரு எறும்பு பெருவிரலில் ஏறிக்கொண்டிருந்தது. ஆண்டாயிக்கு அப்போது இன்னும் பத்தொன்பது நாள் ஆயுசு இருந்தது. வேம்பு எறும்பைத் தட்டிவிட்டாள்.

"அது கெடக்குது, அப்புறம் பாத்துக்கலாம்" என்று கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.