சிவப்பு முட்டை

இன்னொரு முறை தூங்கினால் மாலை வகுப்பிலிருந்து நீக்கிவிடுவதாக ஆசிரியர் எச்சரித்தார். சிவப்பு உணவு உடம்பின் சக்தியைச் சமநிலையில் வைக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, சில நாட்களாகத் தக்காளியும் தர்பூசணியும் மட்டுமே சாப்பிட்டதன் விளைவு அது. நேற்று மாடிப்படி ஏறவே முடியவில்லை.

அக்கா தட்டை நீட்டினாள். சோறு, முட்டை, உருளைக்கிழங்கு எல்லாமே சிவப்பு.

"என்னக்கா இது?"

"பீட்ரூட் தண்ணில ஊற வச்சேன். உன் கொள்கையும் கெடாது, உயிரும் போகாது. வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுடா."

"வாயை மூடிக்கிட்டு எப்படிக்கா சாப்பிடுறது?"

இதெல்லாம் சிவப்பு உணவுதானா என்ற சந்தேகத்தை விழுங்கிவிட்டேன். என் கிறுக்குத்தனத்துக்கும் ஏற்றபடி சமைக்க ஒருத்தி இருக்கிறாளே! இன்னொரு முட்டை கேட்டு வாங்கினேன்.

இன்று வகுப்பு முடியும்வரை கொட்டாவிகூட வரவில்லை.