பபூனுக்கு ஜோடி

வலது கன்னத்துச் சிவப்பு போய்விட்டது. இடது கன்னத்திலோ, துடைக்கத் துடைக்க அது காதுவரை இழுகிக்கொண்டே போயிற்று. ஜெயபாரதி ஈரத்துணியை மறுபக்கம் மடித்து, அம்மாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினாள்.

“தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தானேக்கா ஆம்புலன்ஸ்காரங்க வாசல்ல நிக்கிறாங்க,” என்றாள் எதிர் ஃபிளாட் ருமைஸா. “போலீஸ் வந்து பாக்குற வரைக்கும் அப்படியே இருக்கணுமாம்.”

“இந்த மூஞ்சியோடயா?”

ருமைஸா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

அமீரகத்தின் ருவைஸ் நகரில் அந்தக் குடியிருப்பு முழுவதும் அம்மா நாகவள்ளியை ‘டீச்சரம்மா’ என்றுதான் கூப்பிட்டது. ஊரிலிருந்து அம்மா வந்து இறங்குவதற்கு முன்பே ஜெயபாரதி அந்த உத்தியோகத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். உண்மையில் மதுரையைச் சுற்றி நாகவள்ளி ஆடாத திருவிழா மேடை குறைவு. விடியவிடிய நடக்கும் நாடகத்தில் ராஜாவும் ராணியும் வருவதற்கு முன்னால், பபூனுக்கு ஜோடியாக ஆடி, அவனை ஏசி, அவனிடம் ஏச்சு வாங்கி, சபையைச் சிரிக்க வைப்பது அவள் பிழைப்பு. அந்தக் கால்கள்தான் மகளைக் கல்லூரிவரை கொண்டுபோய்ச் சேர்த்தன. மகளோ ‘பபூன் மக’ என்ற பேரைப் பள்ளிக்கூட வாசலிலேயே புதைத்துவிடப் பார்த்தாள்.

இன்று மத்தியானம் ருமைஸா வட்டிலாப்பம் கொண்டுவந்தாள். சாப்பிட்ட கையோடு பேத்தி தாரிணி, “பாட்டி, ஏதாவது பண்ணிக் காட்டுங்க,” என்று நச்சரித்தாள். டீச்சராக இருந்து சலித்துப்போன கிழவி, மகளின் லிப்ஸ்டிக்கை எடுத்து இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

‘செத்த பெண்டாட்டி’ என்று ஒரு காமிக். பெண்டாட்டி பொத்தென்று விழுந்து சாவாள். பீடை ஒழிந்தது என்று பபூன் சுற்றிச்சுற்றி ஆடுவான். கடைசியில் மூக்குத்தியைக் கழற்றக் கை வைக்கும்போது, பிணம் அவன் விரலைக் கடிக்கும். அதுவரை, சபை எவ்வளவு நேரம் சிரித்தாலும், பிணம் இமை அசைக்கக் கூடாது. அது அவர்கள் தொழிலின் சட்டம்.

“பபூனுக்கு ஆளில்லையே. ஏய் பாரதி, வந்து நில்லுடி. ஒண்ணும் கொறஞ்சுபோக மாட்ட.”

பிறந்ததிலிருந்து முதல் முறையாக ஜெயபாரதி பபூனாகத் துண்டை இடுப்பில் கட்டினாள். அம்மா விழுந்தாள். எவ்வளவு அழகாக விழுந்தாள். ருமைஸா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே ஜெயபாரதி இன்னொரு சுற்று ஆடினாள். அப்புறம் இன்னும் ஒரு சுற்று. பிறகு குனிந்து மூக்குத்தியைத் தொட்டாள். விரல் உதட்டுக்குள் போயிற்று. பற்கள் மூடவில்லை.

கணவன் ரவிசங்கர் பிளாண்ட்டிலிருந்து போனில் சொன்னது காதுக்குள் இன்னும் ஓடியது. “பாத்ரூம்ல வழுக்கிட்டாங்கன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத. கேஸாயிடும் பாரதி. நான் கெளம்பிட்டேன்.”

பூட்ஸ் சத்தம் கேட்டது.

வந்த அதிகாரி இளைஞன். சட்டையில் ஈசா என்று பெயர். பிணத்தின் அருகே மண்டியிட்டுக் கன்னத்தையே பார்த்தான். அரபியில் ஏதோ கேட்டான். அபுதாபியில் படித்து வளர்ந்த ருமைஸாவுக்கு அந்த மொழி தண்ணீர்பட்ட பாடு.

“இது ரத்தமான்னு கேக்குறார். யார் தொடச்சதுன்னும் கேக்குறார்.”

துணி ஜெயபாரதியின் கையில்தான் இருந்தது. மறைக்கவும் தோன்றவில்லை. எதிர் ஃபிளாட்டில் தாரிணி இருக்கிறாள். இன்று ராத்திரி அவளை யார் தூங்க வைப்பார்கள்?

“பாத்ரூம்ல வழுக்கி…” என்று ஆரம்பித்தாள்.

ருமைஸா அதை மொழிபெயர்க்கவில்லை. அவள் கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் கணவன் நெய்னா முகம்மது. எடுக்காமல் அமர்த்தினாள்.

“மச்சான் அப்பவே, ‘வீட்டுக்கு வாடி, போலீஸ் வம்பு வேணாம்’னு கத்தினாங்க. எனக்கும் ஈரக்கொல நடுங்குதுக்கா. ஆனா பொய்ய என் வாயால சொல்ல மாட்டேன். நடந்ததச் சொல்லு. நானும்தானே உக்காந்து சிரிச்சேன்? என் பேரையும் சேத்துச் சொல்லு.”

பயந்தவர்களுக்குத் துணையாகக் கடவுள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்களைத்தான் அனுப்புகிறார். அவர்களும் பயந்துகொண்டேதான் வருகிறார்கள்.

“எங்கம்மா டீச்சர் இல்ல ருமைஸா.”

“எந்த டீச்சர்க்கா அப்படி விழுவாங்க? சொல்லு.”

ஜெயபாரதி சொன்னாள். ருமைஸா ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து அரபியில் வைத்தாள். முடிந்ததும் ஈசா தரையைக் காட்டி ஒரு சொல் சொன்னான்.

“எங்க நின்னீங்க, என்ன பண்ணீங்கன்னு செஞ்சு காட்டணுமாம்.”

அவள் அம்மாவின் கால்மாட்டில் போய் நின்றாள். துண்டை எடுத்துக் கட்டினாள். ஒரு கையைத் தூக்கி இடுப்பை ஒடித்தாள். ஒரு அடி வைத்தாள். அடுத்த அடி வைக்கக் கால் வரவில்லை, ஆனாலும் வைத்தாள்.

“கலாஸ்,” என்றான் ஈசா, போதும் என்று கையைக் காட்டி. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். அங்கிருந்தபடியே மீதியைச் சொன்னான்.

“எதனால போச்சுன்னு டாக்டர் சொல்வாராம். திரும்பக் கூப்பிட்டா வரணுமாம், நம்ம ரெண்டு பேரும்.”

அந்த ‘ரெண்டு பேரும்’ என்பதைச் சொல்லும்போது, மறுபடியும் அதிர்ந்த போனை ருமைஸா அமர்த்தினாள்.

படியிறங்கும்போது கீழ்வீட்டுக்காரர் வழிவிட்டு நின்றார். “டீச்சரம்மாவா? நேத்துகூடப் பேசினாங்களே…”

“நாடகத்துல ஆடுவாங்க சார்,” என்றாள் ஜெயபாரதி. “காமிக்.”

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. ஸ்ட்ரெச்சரின் பின்னாலேயே ஓடிவந்தவள் கார் நிறுத்துமிடத்தின் சிமெண்டில் கால் வைத்ததும் துள்ளினாள். செருப்பு போட மறந்திருந்தாள். ருமைஸா பேசாமல் தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் தள்ளினாள்.

வண்டியின் கதவு சாத்தப்பட்டது. அது வளைவைத் தாண்டும்வரை இருவரும் நகரவில்லை. ருமைஸா தன் அபாயா அங்கியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுடுகிற தரையில், ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.